நயினார் வண்டி விளக்கு

செஞ்சி பஜாரில் தவளைக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், என் கடை வாசலில் தேங்கிய தண்ணீரிலிருந்து ஒரு தவளை தாவி, அவருடைய மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் வண்டியைத் தள்ளவில்லை. குனிந்து, "நவுந்துக்குங்க, நேரமாவுது" என்றார். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நான் ஸ்குரூ டிரைவரால் அதைத் தள்ளிவிடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி, அதுவே போவும்."

அது போகிறவரை இரண்டு பேரும் நின்றோம். எதிர்ச் சைக்கிள் கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, அவருக்கு இல்லை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பஜாரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணர். எங்கள் ஊரில் அவர்களை நயினார் என்போம், அவரும் எல்லோருக்கும் நயினார்தான். கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். நான் சொல்வது அறுபதுகளின் நடுவில். அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும், எனக்கு இருபத்தெட்டு. திருவண்ணாமலை ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது, டைனமோவுக்குக் கம்பி சுற்றுவது என்று பிழைத்துக்கொண்டிருந்தேன். டைனமோ வேலையில் என்னை அடித்துக்கொள்ள திண்டிவனத்தில்கூட ஆள் இல்லை என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறு யாரும் சொன்னதாக நினைவில்லை.

நயினார் கடையில் பாத்திரம் விற்பதைவிட உண்மைதான் அதிகம் விற்கும் என்று கேலி பேசுவார்கள். ஒருமுறை நான் அங்கே இருந்தபோது ஒரு கல்யாண வீட்டார் பெரிய அண்டா ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உறுதியா இருக்குமா நயினாரே?" என்று கேட்டார்கள்.

"அடியில ஒரு எடத்துல ஓட்டைய அடைச்சிப் பத்தவெச்சது இருக்குது. ரெண்டு வருசம் தாங்கும். அதுக்கு மேல நான் சொல்ல முடியாது" என்றார்.

அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். பக்கத்து மளிகைக் கடைச் செட்டியாருக்கு வயிறு எரிந்தது. "நீங்க பொய் சொல்ல வேணாம் நயினாரே. வாய மூடிக்கினு இருந்தாலே போதுமே, யாவாரம் நடக்குமே!"

"கேக்கறவங்க எதிர்ல வாய மூடிக்கினு இருந்தா அதுவும் பொய்தானே செட்டியாரே" என்றார் நயினார்.

செட்டியார் தலையில் அடித்துக்கொண்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

சொந்த மைத்துனனுக்கே அவர் விட்டுக்கொடுத்ததில்லை. மனைவியின் தம்பி, முன்கோபி. வரப்புத் தகராறில் ஒருத்தனை அடித்துவிட்டு, "அன்னிக்கு நான் உங்க கடையிலதான் இருந்தேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மாமா, போதும்" என்று வந்து நின்றான். "நீ அன்னிக்கு வரலியேப்பா" என்றாராம் இவர். அவ்வளவுதான், மேலே ஒரு பேச்சு இல்லை. அந்தப் பையன் இரண்டு வருஷம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வாயில் வருவது எதுவானாலும் அவன் நம்பினான்.

பொழுது சாய்ந்த பிறகு அவர் சாப்பிட மாட்டார். அவர்கள் வழக்கம் அது. இருட்டில் சோற்றோடு சேர்ந்து ஏதாவது ஒரு உயிர் வாய்க்குள் போய்விடக் கூடாதே என்பதற்காக ஏற்பட்டது என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். சாயந்தரம் கடைவாசலில் நின்று ராஜகிரி மலைப்பக்கம் கையை நீட்டிப் பார்ப்பார். மலை உச்சிக்கும் பொழுதுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் கடையைப் பூட்டிவிடுவார். மற்ற கடைகளில் அப்போதுதான் வியாபாரம் சூடு பிடிக்கும். இவர் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு பன்னிரண்டு மைல் கிழக்கே போவார்.

பெரிய ரோட்டிலிருந்து அவர் ஊருக்குப் பிரியும் முனையில் ஒரு மதகு இருக்கிறது. அவருக்கு நேரமாகிற நாட்களில் அவர் மனைவி தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு அங்கே வந்து நின்றுவிடுவார். முனையிலிருந்து வீட்டுக்குப் போய்ச் சேர இன்னும் பத்து நிமிடமாகும், அதற்குள் பொழுது இறங்கிவிடலாம். மதகுச் சுவரில் உட்கார்ந்து இரண்டு பேரும் அவசர அவசரமாக நாலு வாய் சாப்பிடுவார்கள். அவர் சாப்பிடாத நாளில் அந்த அம்மாவும் சாப்பிடுவதில்லை. பொழுது இறங்கிவிட்டால் அந்த அம்மா தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அதற்குமேல் சோற்றை வைத்துக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை. பல வருஷமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாவை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து கடைத்தெருவுக்கு வந்திருந்தார். சின்ன உருவம். நயினார் என்னிடம் விளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் குறுக்கே புகுந்து, "இந்த லைட்ட சரி பண்ணா இவரு நேரத்துக்கு வருவாரா தம்பி? நான் பாட்டுக்கு சோத்த வெச்சிக்கினு நிக்கிறேன். பொழுது எனக்காவ நிக்குமா?" என்றார். நயினார் முகம் சிவக்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து மிலிட்டரியில் ஏலம் விட்ட பழைய வண்டி. எதிரிக்குத் தெரியக் கூடாது என்று விளக்குக்கு மேல் ஒரு தகர மூடி போட்டு, அதில் கோடு கிழித்ததுபோல் சின்னச் சந்து மட்டும் விட்டிருந்தார்கள். இவருக்கோ ரோட்டில் இருப்பதெல்லாம் தெரிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பொழுது சீக்கிரம் போகும், மேகம் வேறு. கடைசி ஒன்றிரண்டு மைல் மங்கலில் போக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில்தான் தவளை, மரவட்டை, நத்தை எல்லாம் ரோட்டுக்கு ஏறும். "சக்கரத்துக்கு அடியில என்னா போச்சின்னு தெரியாமலே வீட்டுக்குப் போறேன் தம்பி. கால் கழுவும்போது மனசு என்னவோ பண்ணுது" என்றார்.

முதலில் செய்ததெல்லாம் நல்ல வேலைதான், அதைப் பெருமையாகவே சொல்வேன். தகர மூடியைக் கழற்றி எறிந்தேன். துருப்பிடித்த ஒயர் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். விளக்குக்குப் பின்னால் இருக்கும் கிண்ணம் கறுத்துக் கிடந்தது, அதைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பி முலாம் பூசி வாங்கினேன். அதே சின்ன பல்பு இரண்டு மடங்கு வெளிச்சம் கொடுத்தது. இன்னும் கொஞ்சம் வேண்டுமானால் பின்னால் எரியும் சிவப்பு விளக்கைப் பிடுங்கிவிடலாம், அந்தக் கரண்டும் முன்னால் வரும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பின்னால வர்றவங்களுக்கு நாம தெரிய வேணாமா? நம்ம வெளிச்சத்துக்காவ அவங்க கண்ண மறைக்கறதா?"

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அந்த வண்டியில் இருந்த கரண்ட் அவ்வளவுதான். ஆறு வோல்ட் டைனமோ. வண்டி வேகமாக ஓடினால் டைனமோ விளக்கையும் எரிக்கும், பேட்டரிக்கும் ஏற்றும். மெதுவாகப் போனால் டைனமோ சும்மா சுற்றும், பேட்டரியிலிருந்துதான் விளக்கு உறிஞ்ச வேண்டும். சின்ன பல்பு கொஞ்சமாக உறிஞ்சும், தாங்கும். பெரிய பல்பு போட்டால் சீக்கிரத்தில் பேட்டரி காலியாகிவிடும். இது தெரியாத ஆள் டைனமோ மெக்கானிக் என்று போர்டு மாட்டக் கூடாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

மழை வலுத்த ஒரு வாரத்தில் அவர் மறுபடி வந்து, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்குமா என்று கேட்டார். ஒரு பழைய காரிலிருந்து எடுத்த பெரிய பல்பு என்னிடம் இருந்தது. எடுத்து மாட்டினேன். சாயந்தர மேக இருட்டில் எஞ்சினை முறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். எதிர்ச் சைக்கிள் கடைச் சுவர் பகல் மாதிரி ஆனது. வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். "பலே ஆளுய்யா" என்றார் ஒருவர். எனக்குத் தலை கால் புரியவில்லை.

நயினார் மட்டும் விளக்கைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இம்மாம் வெளிச்சத்த இந்த வண்டி தாங்குமா தம்பி?"

தாங்காது, மெதுவாகப் போனால் விளக்கு இறங்கிவிடும், முனை திரும்பும்போது எஞ்சினை முறுக்கியே வைத்திருங்கள், வாரம் ஒருமுறை பேட்டரியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த இடத்திலேயே கழற்றச் சொல்லியிருப்பார். கை தட்டியவர்கள் எதிரில் நான் கழற்ற வேண்டியிருக்கும். குனிந்து விளக்கின் வளையத்தில் ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. அதற்குள் ஒரு லாரிக்காரன் வந்து ஹாரன் அடித்தான், நான் எழுந்து போய்விட்டேன். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாளே வந்தார். விளக்குக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி முழுக்க ஈசல் இறகு. மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பிய ஈசலெல்லாம் புது வெளிச்சத்தைத் தேடி வந்து மோதியிருக்கிறது. அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"முன்னே கண்ணுக்குத் தெரியாம கொன்னேன். இப்ப வெளக்கு வெச்சிக் கூப்புட்டுக் கொல்றேன் தம்பி."

கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். தவளைகள் தெரிகின்றன, அது நல்லதுதான் என்றார். "நான் மெதுவா போறேன். மெதுவா போனா அதுங்க மேல வேகமா மோதாது, ஒதுங்கிக்கும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த பல்போடு அந்த வண்டி செய்யக் கூடாத ஒரே காரியம் மெதுவாகப் போவது. அதைத்தான் செய்யப் போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். என் கையில் பிரித்துப்போட்ட டைனமோ இருந்தது. நேற்றே சொல்லாததை இன்றைக்கு எப்படிச் சொல்வது என்று இருந்தது. "சரி நயினாரே, பாத்துப் போங்க" என்றேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அது நடந்தது. அன்று மதியத்திலிருந்து மழை. வழியில் ஓடை ரோட்டுக்கு மேல் ஓடியதால் தண்ணீர் வடியும்வரை அவர் இக்கரையில் நின்றிருக்கிறார். முனைக்கு வருவதற்குள் பொழுது போய்விட்டது. பொழுது போய்விட்டதால் அந்த அம்மா வீட்டுக்குத் திரும்பியிருப்பார் என்று நினைத்திருக்கிறார். அது எத்தனையோ வருஷத்து வழக்கம். ஆனால் அன்று அந்த அம்மா போகவில்லை. மழையில் ஆளைக் காணோமே என்று பயந்து, உதவாத சோற்றையும் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறார். வண்டிச் சத்தம் கேட்டதும் ரோட்டுக்கு ஏறி ஓடி வந்திருக்கிறார். இவர் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்திருக்கிறார். மெதுவாகவே ஓட்டி ஓட்டிக் காலியாகியிருந்த பேட்டரி, அந்த நேரத்தில் விளக்கை மின்மினி அளவுக்குக் கொண்டுபோய்விட்டது. மெதுவாக வந்த வண்டிதான், லேசாகத்தான் இடித்தது. அந்த அம்மா பின்னால் சாய்ந்து மதகுக் கல்லில் தலை பட விழுந்தார். மூன்றாம் நாள் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

செய்தி பஜாருக்கு வந்தபோது கையிலிருந்த ஆசிட் கேனைக் கீழே போட்டேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பாத்திரக் கடை பூட்டியே கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்த முன்கோபி மைத்துனன் என் கடைக்குள் நுழைந்தான். கையில் வண்டியச்சுக் கட்டை. பின்னாலேயே ஓடி வந்தார் நயினார். மொட்டை அடித்தது போல் ஒட்ட வெட்டிய தலை, பத்து வயது கூடியிருந்தது.

"பல்பு மாத்தினது நீதானடா? ஊருக்குள்ள எலக்ட்ரிக் தெரிஞ்சவன் ஒருத்தன் சொல்லிட்டான். பெரிய பல்பு போட்டா மெதுவா போறப்ப அவிஞ்சிடுமாமே? தெரிஞ்சிதான் போட்டியா? எங்கக்காவக் கொன்னுட்டியேடா!"

மேசைமேல் இருந்த மீட்டர் முதல் அடியில் சுக்குநூறானது. அடுத்த அடி எனக்குத்தான். நான் தடுக்கக் கையைத் தூக்கவில்லை என்பது மட்டும் உண்மை. நயினார் நடுவில் வந்து நின்றார்.

"அவரு சொன்னாருப்பா" என்றார்.

மைத்துனன் கட்டையை இறக்காமல் அவரைப் பார்த்தான்.

"படிச்சிப் படிச்சி சொன்னாரு. மெதுவா போனா லைட்டு எறங்கிடும், முறுக்கிக்கினே திரும்புங்கன்னு சொன்னாரு. நாந்தான் மறந்துட்டேன்."

அவன் அவர் முகத்தையே பார்த்தான். அவர் பொய் சொல்லாதவர் என்பதற்காக இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவன் அவன். கட்டை கையிலிருந்து விழுந்தது. அங்கேயே உட்கார்ந்து, "ஏன் மாமா மறந்தீங்க, ஏன் மாமா?" என்று சின்னப் பிள்ளை போல் அழுதான். அவர் அவனைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டிப் போனார். என் பக்கம் திரும்பவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பாத்திரக் கடையைத் திறக்கவே இல்லை. சரக்கை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு அவர் ஊரோடு இருந்துவிட்டார். தை முடிந்து மாசியும் வந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று என் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டகையைச் சாத்திவிட்டு, போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினேன்.

வாசலில் குடத்து வாயில் துணி கட்டித் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தார். ஒரே மகள் கல்யாணமாகிப் போய்விட்டதால் தனியாகத்தான் இருந்தார். மோட்டார் சைக்கிள் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நின்றது. என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி" என்று எழுந்து, மேற்கே ஒருமுறை பார்த்தார். "பொழுது எறங்குது. மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் பேசலாம்."

அவரே சமைத்த சோறும் பயற்றங்குழம்பும். உப்பு கம்மி. எனக்கு மட்டும்தான் இலை போட்டார்.

"நீங்க?"

"வெள்ளிக்கெழமைல சாப்புடறதில்ல தம்பி. மூணு மாசமா."

அந்த அம்மாவுக்காக இருக்கும் என்று நினைத்தேன். நாலு வாய் சாப்பிட்ட பிறகுதான் உறைத்தது. அந்த அம்மா போனது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை என் கடைக்கு வந்து அவர் பொய் சொன்ன நாள். பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் மோர் ஊற்றினார்.

கடைசி பஸ்ஸுக்கு என்னை முனைவரை கொண்டுவந்து விட்டார். கையில் ஒரு அரிக்கேன் விளக்கு. அதை முழங்காலுக்குக் கீழே தாழ்த்திப் பிடித்து, தரையைப் பார்த்துப் பார்த்து நடந்தார். மதகருகே வந்ததும் நின்றோம். அந்தக் கல்லை நான் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. பேச எனக்கு வேறு இடம் இல்லை.

"நயினாரே, நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. நீங்க கேட்டப்பகூட சொல்லல."

"தெரியும் தம்பி."

"அப்புறம் ஏன் அன்னிக்கு அப்பிடி..."

"ஒருத்தர் போனது போதாதா" என்றார்.

நான் அழுதுகொண்டே ரோட்டுக்கு ஏறிவிட்டேன். காலுக்கடியில் தார் இருந்ததுகூடத் தெரியவில்லை. தூரத்தில் பஸ்ஸின் இரண்டு விளக்குகளும் வளைவில் திரும்பி வந்தன. அவர் அரிக்கேனை உயரத் தூக்கி, டிரைவருக்குத் தெரியும்படி இப்படியும் அப்படியும் ஆட்டினார். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து ரோட்டைவிட்டுக் கீழே இழுத்தார்.

"வண்டி வருது தம்பி" என்றார். "தள்ளி நில்லுங்க."